பந்தக்கால் நட்ட இடம்

எங்கள் தெருவில் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்ப்பார்கள், மாப்பிள்ளை பார்ப்பார்கள், நாள் பார்ப்பார்கள். இடம் பார்க்கிற வழக்கம் இல்லை. வாசலிலேயே தெருவை அடைத்துப் பந்தல் போட்டால் முடிந்தது. காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகிற சாலையில் கோட்டுச்சேரியைத் தாண்டினால் வரிச்சிக்குடி. எங்கள் தெருவில் எல்லாப் பந்தலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முன்னே கீத்து, இப்போ தகரமும் துணியும். பின்பக்கம் வாய்க்கால் கரையில் கோட்டை அடுப்பு வெட்டி அண்டாவை ஏற்றுவார்கள். மழை வந்தால் பந்தி நனையும். அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை.

2014ல் தங்கச்சி கல்யாணம் வந்தபோதுதான் இடம் என்கிற பேச்சு வந்தது. நர்சிங் படித்து வேலைக்குப் போகிறவள். "ஒரு தடவையாவது மண்டபத்துல வைப்போம்ப்பா" என்றாள். அப்பாவும் நானும் டவுனில் ஒரு மண்டபத்துக்குப் போனோம். மேனேஜர் ரிஜிஸ்டரை விரித்து விரலை ஓட்டினார். நாங்கள் சொன்ன தேதிக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது, நானும் பார்த்தேன். "எந்த ஊரு?" "வரிச்சிக்குடிங்க." "வரிச்சிக்குடில எங்க?" அப்பா தெருப் பெயரைச் சொன்னார். ரிஜிஸ்டர் மூடிக்கொண்டது. "அன்னிக்கு வேற ஒரு பார்ட்டி சொல்லி வச்சிருக்காங்கப்பா. நீ வேற எங்கயாச்சும் பாரு." அப்பாவுக்கு அவரைவிடப் பத்து வயசாவது கூட இருக்கும். அப்பா அவரை 'நீங்க' என்றார், அவர் அப்பாவை 'நீ' என்றார். கல்யாணத்தன்று ஐஸ் வாங்க அந்த வழியாகப் போனேன். மண்டபத்து கேட்டில் பூட்டு தொங்கியது.

ஒரு மண்டபம் கிடைக்காததற்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று தோழர்கள் கேட்கலாம். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தப் பெரிய விழாவைப் பற்றிப் படித்தாலும், இந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள், பந்தக்கால் நடுவதற்கு முன்னால் அந்த மண்ணில் என்ன இருந்தது என்று தேடுவேன். அப்படித் தேடியதில் கிடைத்தது இரண்டு விழாக்கள். ஒன்று தில்லியில், மற்றது சென்னையில். நடுவில் 118 ஆண்டுகள். அவற்றுக்கு நடுவே எங்கள் காரைக்கால் துறைமுகமும் வருகிறது.

முதல் விழா 1877 ஜனவரி 1ந் தேதி நடந்தது. முந்தின ஆண்டுதான் லண்டன் பாராளுமன்றம் விக்டோரியா ராணியின் பட்டங்களைக் கூட்டுவதற்குச் சட்டம் போட்டிருந்தது. இந்தியாவின் பேரரசி, கைசர்-இ-ஹிந்த். அதை நம் மண்ணில் அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் பிரபு ஒரு தர்பார் கூட்ட முடிவு செய்தார். எங்கே வைப்பது? தலைநகரம் அப்போது கல்கத்தா. மாளிகை, அதிகாரிகள், துறைமுகம் எல்லாம் அங்கேதான். ஆனால் லிட்டன் தில்லியைத் தேர்ந்தெடுத்தார். மொகலாயர் ஆண்ட ஊர் அது. கடைசி மொகலாயர் பகதூர் ஷாவை ரங்கூனுக்கு நாடு கடத்தி, அவர் 1862ல் அங்கேயே செத்தும் போயிருந்தார். காலியான சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டால்தான் அடுத்து உட்காருகிறவர் யார் என்பது எல்லோருக்கும் புரியும். அதோடு விடவில்லை. தில்லிக்குள்ளேயும் தேடி, நகரத்துக்கு வடமேற்கே 'ரிட்ஜ்' என்கிற பாறை மேட்டை ஒட்டிய சமவெளியைப் பிடித்தார்கள். 1857 கலகத்தில் வெள்ளைப் பட்டாளம் முகாம் போட்டு நகரத்தை முற்றுகையிட்டது அந்த மேட்டிலிருந்துதான். வந்து குந்துகிற ஒவ்வொரு ராஜாவுக்கும் நவாபுக்கும் தான் எங்கே குந்தியிருக்கிறோம் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

இந்தத் தர்பாரைப் பற்றி விரிவாக எழுதிய பெர்னார்ட் கோன் என்ற மானுடவியலாளர், வந்தவர்கள் குறைந்தது 84,000 பேர் என்கிறார். அவர் தருகிற இன்னொரு செய்திதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. முகாம்கள் அமைக்க 100 கிராமங்களைக் காலிபண்ணி நிலத்தை வாடகைக்கு எடுத்தார்கள். அந்த நிலத்தில் உழுதவர்களைக் குளிர்காலப் பயிர் வைக்கவிடாமல் தடுத்தார்கள். நிலம் பேரில் இருக்கிறவனுக்கு வாடகை வந்திருக்கும். விதைப்புக்கும் களைக்கும் அறுப்புக்கும் போய்க் கூலி வாங்கித் தின்கிறவனுக்கு எந்த வாடகை? எந்த ஊர் நிலக் கணக்கிலும் அவன் பெயர் வந்ததில்லை. நூறு ஊரில் ஒரு போகம் இல்லை என்றால் நூறு சேரியில் அறுப்புக் கூலி இல்லை என்று அர்த்தம். இதை வயலில் நின்றவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே மாசத்தில் சென்னை மாகாணம் எப்படி இருந்தது? 1876ல் இரண்டு பருவமழையும் ஏமாற்றிவிட்டன. பெல்லாரி, கர்நூல், கடப்பை, நெல்லூர், செங்கல்பட்டு, வட ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர் என்று ஜில்லா ஜில்லாவாகக் காய்ந்தன. நம் பெரியவர்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வது இதைத்தான். தெற்கிலும் மேற்கிலுமாக 1878க்குள் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபு அந்த நேரத்தில் தர்பாருக்காகத் தில்லியில் இருந்தார்.

பஞ்சத்தில் எல்லோரும்தான் சாகிறார்கள் என்பார்கள். ஒரே நாளில் சாகவில்லை. குதிரில் நெல் உள்ளவன் ஆறு மாசம் தள்ளுவான். நகை உள்ளவன் அதை விற்று இன்னும் நாலு மாசம். மாடு உள்ளவன் மாட்டை விற்பான். அன்றன்றைக்குக் கூலியாகக் கிடைக்கும் தானியத்தில் உலை வைக்கிற பறையருக்கும் பள்ளருக்கும் சக்கிலியருக்கும் மழை பொய்த்த மாசமே பஞ்சம். மிராசுதார் விதைக்கவில்லை என்றால் பண்ணையாளுக்குப் படி இல்லை.

இங்கேயும் அரசாங்கம் ஒரு இடம் தேர்வு செய்தது. அதைப் பற்றித்தான் நம்மவர்கள் அதிகம் பேசவேண்டும் என்று நினைக்கிறேன். தில்லி விழா முடிந்த கையோடு சர் ரிச்சர்ட் டெம்பிள் என்கிற அதிகாரியைப் பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்தச் சென்னைக்கு அனுப்பினார் லிட்டன். அந்தக் காலத்து நிவாரணம் என்பது மண் வெட்டுவதும் கல் உடைப்பதும்தான். வேலை செய்தால் கூலி. ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று டெம்பிள் குறைத்தார். ஒரு ராத்தல் இன்றைய கணக்கில் 450 கிராம். இதைத் தின்றுகொண்டு மண் வெட்ட முடியாது, ஆள் செத்துப்போவான் என்று மாகாண சுகாதார கமிஷனர் கார்னிஷ் எழுதி எழுதிச் சண்டை போட்டார். அந்தக் கூலிச் சண்டை பரவலாகத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது 'தூரச் சோதனை'. உடம்பில் தெம்புள்ளவர்களைச் சொந்த ஊரிலிருந்து 10 மைலுக்குள் இருக்கிற முகாமில் சேர்க்கக் கூடாது. 10 மைலுக்கு அப்பால் நடந்துபோய்த்தான் வேலை கேட்கவேண்டும். நிசமாகப் பசித்தவன் நடந்து வருவான், சும்மா வருகிறவன் வீட்டிலேயே இருந்துவிடுவான் என்பது அவர்கள் நியாயம். பத்து மைல் என்றால் எங்கள் வரிச்சிக்குடியிலிருந்து காரைக்காலையும் தாண்டித் தெற்கே போய்விடவேண்டும். வயிற்றில் ஒன்றுமில்லாமல், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே அரசாங்கம், ஒரே குளிர்காலம். ராஜாக்கள் வந்துசேர வசதியாக 100 கிராமத்தைக் காலிபண்ணி ஒரு இடம். பட்டினி கிடக்கிறவர்கள் வந்துசேர முடியாதபடி 10 மைல் தள்ளி ஒரு இடம். முதல் இடத்தைத் தேர்ந்தெடுத்த லிட்டனைப் பற்றி, அவர் கவிஞர், ரசனை உள்ளவர், கொடிகளையும் சின்னங்களையும் பார்த்துப் பார்த்துச் செய்வித்தவர் என்று எழுதுகிறார்கள். இருக்கட்டும். தர்பாரை வரைவதற்கு வால் பிரின்செப் என்ற ஓவியரை அமர்த்தினார்கள். அவர் வரைந்த மிகப் பெரிய படம் ராணிக்குப் போய்ச்சேர்ந்தது. அதே பஞ்ச காலத்தில் ஹூப்பர் என்ற பட்டாள அதிகாரி சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமான ஆட்களை வரிசையாக உட்காரவைத்துப் போட்டோ பிடித்தார். படத்தில் உள்ள ராஜாக்களுக்கு எல்லாம் பெயர் உண்டு. போட்டோவில் உள்ளவர்களுக்குப் பெயர் இல்லை.

இப்படிச் செய்தது வெள்ளைக்காரன் மட்டுமில்லை. 1971 அக்டோபரில் ஈரான் மன்னர் ஷா, தன் நாட்டு முடியாட்சிக்கு 2500 ஆண்டு என்று சொல்லி விருந்து வைத்தார். தலைநகர் தெஹ்ரானை விட்டுவிட்டு, செத்துப்போன பேரரசின் இடிபாடுகள் கிடக்கிற பெர்சபோலிஸ் பாலைவனத்தைத் தேர்ந்தெடுத்தார். கூடாரமும் சாப்பாடும் பாரிசிலிருந்து வந்தன. எட்டு வருஷத்தில் அவர் நாட்டைவிட்டே போகவேண்டி வந்தது.

காரைக்காலுக்கு வருகிறேன். 1739லிருந்து இது பிரெஞ்சுக்காரன் ஊர். சுற்றிலும் ஆங்கிலேயன் ஆண்ட தஞ்சாவூர் ஜில்லா. காவிரித் தண்ணீர் கொஞ்சமாவது வந்ததால் தாது வருஷத்தில் டெல்டா மற்ற ஜில்லாக்கள் மாதிரி சாகவில்லை. ஆனால் இங்கே ஒரு துறைமுகம் இருந்தது. பிரெஞ்சுத் தீவுகளில் 1848ல் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. 1853ல் மார்த்தினிக் தீவுக்கும் 1854ல் குவாதலூப்புக்கும் முதல் தமிழர் கப்பல் போய்ச் சேர்ந்தது. இரண்டு தடவையும் 'ஒரேலி' என்கிற அதே கப்பல். 1861 ஜூலை 1ந் தேதி ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அதன்படி பிரிட்டிஷ் எல்லையில் ஆள் பிடித்துப் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஏற்றலாம். ஒப்பந்தக் கூலி, ஐந்து வருஷம். மொத்தத்தில் குவாதலூப்புக்குப் போனவர்கள் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்கு சுமார் 25,000 பேர். புர்போன் என்று நம்மவர்கள் சொன்ன ரீயூனியனுக்கு இரண்டையும் கூட்டினதைவிட அதிகம். ரீயூனியனுக்கு 1882லும் மற்ற தீவுகளுக்கு 1888லும் ஆங்கில அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. தாது வருஷம் இதற்கு நடுவில் வருகிறது. ஆள் பிடிக்கிற மேஸ்திரிக்கு அந்த வருஷத்தில் அதிகம் பேச வேண்டியிருந்திருக்காது. சோறு உண்டு என்று சொன்னால் போதும். பத்து மைலுக்கு அப்பால் முகாம் வைத்தது ஆங்கில அரசு, கடலுக்கு அப்பால் வைத்தது பிரெஞ்சு அரசு.

ஊர்க்காரர்கள் இடத்தை எப்படிப் பிரித்தார்கள் என்பதற்கு வெள்ளைக்காரனிடம் போகவேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. படிக்கும்போது ராஜராஜனின் பெரிய கோயில் கல்வெட்டுகளை வாசித்தோம். வரி இல்லாத நிலம் எதுவெது என்று பட்டியல் வரும். ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. சங்க இலக்கியத்தில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழ்கிற பகுதி, அவ்வளவுதான், இழிவு இல்லை என்று ஆசிரியர் விளக்கினார். சரிதான். ஆனால் கல்வெட்டில் நாங்கள் சுடுகாட்டுக்குப் பக்கத்து வரியில் இருக்கிறோமே ஐயா என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை.

இரண்டாவது விழாவுக்குப் போகுமுன் ஒரு கால்வாயைப் பார்க்கவேண்டும். தாது வருஷப் பஞ்ச நிவாரணமாக 1877-78ல் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து சுமார் 8 கிலோமீட்டர் வெட்டினார்கள். ஏற்கெனவே இருந்த உப்புநீர்க் கால்வாயின் அறுந்த கண்ணி அது. வெட்டியவர்கள் பஞ்சக் கூலிகள். பெயர் வைத்தது கவர்னருக்கு. பக்கிங்காம் கால்வாய். மயிலாப்பூர், மந்தைவெளி பக்கமாக வந்து அடையாற்றில் சேருகிற அந்தத் துண்டைப் பார்த்திருப்பீர்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டியிருப்பீர்கள். அது ஆற்றில் சேரும் இடத்திலிருந்து கிழக்கே, கடலைப் பார்த்து நடந்தால் எம்.ஆர்.சி. நகர்.

1995 செப்டம்பர் 7, வியாழக்கிழமை. அந்த எம்.ஆர்.சி. நகர் திடலில்தான் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தன் வளர்ப்பு மகன் சுதாகரனுக்கு நடிகர் சிவாஜி கணேசனின் பேத்தியைக் கட்டிவைத்தார். திடல் 50 ஏக்கர். வந்தவர்கள் ஒன்றரை லட்சம் பேர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. எந்த மண்டபமும் கொள்ளாத கூட்டம் என்பதால் திடல் வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கூட்டமே எதற்கு வேண்டியிருந்தது? தில்லிச் சமவெளியைப் போலவே இங்கேயும் இடம்தான் பேசியது. கல்யாணத்தைக் காட்டுவதற்காகத் தேர்ந்த இடம் இல்லை அது, ஆட்சியைக் காட்டுவதற்காகத் தேர்ந்த இடம். அலங்கார வளைவு, விளக்கு, ஊர்வலம் எல்லாம் பத்திரிகைகள் எழுதி எழுதித் தீர்ந்தவை. நான் அதில் நிற்கவில்லை.

சரியாக ஏழு நாள் முன்னால், ஆகஸ்ட் 31, அதுவும் வியாழக்கிழமை. அன்றைய சிதம்பரனார் மாவட்டத்தில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிற கொடியங்குளம். 287 வீடுகள், எல்லாம் பள்ளர் வீடுகள். தேடுதல் என்ற பெயரில் சுமார் 600 போலீசார் நுழைந்தார்கள். வளைகுடா நாட்டுக்குப் போய் உழைத்து அனுப்பிய காசில் கொஞ்சம் தலைநிமிர்ந்திருந்த ஊர் அது. டி.வி., ஃபேன், தையல் மிஷின், சைக்கிள், டிராக்டர், நெல் இருப்பு என்று பார்த்துப் பார்த்து உடைத்தார்கள். துணிமணிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். படித்த பையன்களின் சர்டிபிகேட்டுகளும் பாஸ்போர்ட்டுகளும் எரிந்தன. குடிதண்ணீர்க் கிணற்றைக் கெடுத்தார்கள். கொடியங்குளம் மக்கள் பிறகு அரசு கொடுத்த நிவாரணத்தை வாங்க மறுத்தார்கள். அந்த மறுப்பிலிருந்து தென்மாவட்ட தலித் அரசியல் எப்படித் திரண்டது என்பது இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்.

கொடியங்குளத்தில் சாம்பல் ஆறுவதற்குள் சென்னையில் உலை கொதித்தது. சொத்துக் குவிப்பு வழக்கில் அந்தக் கல்யாணச் செலவு பெரிய விவாதம் ஆயிற்று. அரசுத் தரப்பு 6 கோடியே 45 லட்சம் என்றது. 2014 செப்டம்பரில் விசாரணை நீதிமன்றம் 3 கோடி என்று எடுத்துக்கொண்டது. 2015 மே மாதம் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை 28 லட்சத்து 68 ஆயிரமாகக் குறைத்தது. 2017 பிப்ரவரி 14ல் உச்சநீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. பந்தல் செலவுக்காவது மூன்று கோர்ட் உட்கார்ந்து கணக்குப் பார்த்தன.

எங்க அம்மாவுக்கு இந்தக் கல்யாணம் நினைவில் இருக்கிறது. டி.வி.யில் பார்க்கவில்லை, வயலில் கேள்விப்பட்டாள். அப்போது சம்பா நாற்றங்கால் வேலை. ஒன்றரை லட்சம் பேருக்குச் சாப்பாடாம் என்று யாரோ படித்துச் சொன்னதும் பொம்பளைகள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்களாம். பிரமிப்பு ஒருத்திக்கும் வரவில்லை, கணக்குத்தான் வந்தது. "அவ்வளவு பேருக்கும் சோறு வடிச்சா கஞ்சித்தண்ணி எங்கடி ஓடியிருக்கும்?" என்று கேட்டுக்கொண்டார்களாம். கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர்கள் கேட்கிற கேள்வி. ஆற்றிலோ கால்வாயிலோதான் ஓடியிருக்கவேண்டும் என்பது என் பதில். அந்தக் கால்வாயை வெட்டியது யார் என்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அவங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துனா?" என்றாள்.

நமக்கும் கூடுவதற்கு இடம் தேவைப்பட்டது, ஆடம்பரத்துக்கு இல்லாவிட்டாலும். 1893 டிசம்பரில் இரட்டைமலை சீனிவாசன் பறையர்களைக் கூட்டியது சென்னையில் வெஸ்லி மிஷன் மண்டபத்தில். 1927 டிசம்பரில் மகத்தில் அம்பேத்கர் இரண்டாவது மாநாடு கூட்டப் போனபோது சாதி இந்துக்கள் யாரும் நிலம் தரவில்லை. ஃபத்தேகான் என்ற முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். மனுஸ்மிருதியை எரித்தது அந்தப் பந்தலில்.

மண்டபம் மறுப்பது குற்றம் என்று 1955லேயே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்லிவிட்டது. பொது இடத்துக்குள் வரவிடாமல் தடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தமும் 2016 ஜனவரியிலிருந்து குற்றமாக எண்ணுகிறது. ஆனால் சாதியைச் சொல்லி மறுத்தால்தானே வழக்கு? ரிஜிஸ்டரை மூடுவதற்குச் சட்டத்தில் பெயர் இல்லை. அன்றைக்கு நான் சாட்சி வைத்துக்கொள்ளவில்லை, தேதியைக் கேட்டு எழுதி வாங்கவில்லை. கோபத்தோடு திரும்பி வந்தேன், அவ்வளவுதான். இப்போது தோழர்களுக்குச் சொல்வேன், கேட்கப் போகும்போது மூன்று பேராகப் போங்கள், மனுவை எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்துக் கேளுங்கள்.

வருகிற தை மாசம் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. போனில் கூப்பிட்டு, "அண்ணே, மறுபடி மண்டபம் கேட்டுப் பாக்கலாமா, இல்ல தெருவுலயே போட்டுக்கலாமா?" என்றாள். தெருவுலயே போட்டால் என்ன குறைச்சல் என்கிறார் அப்பா. அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது, எங்கள் பந்தலில் யாரையும் எந்தத் தெரு என்று கேட்டது கிடையாது. ஆனாலும் மனு எழுதி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை போகிறோம், அதே மண்டபத்துக்கு. கூட இரண்டு தோழர்கள் வருகிறார்கள். தங்கச்சியும் வருவேன் என்கிறாள்.